ஊருக்குப் போய்த் திரும்பிய செசிலியா

பிலிமத்தலாவையில் கொழும்புத் தெருவை விட்டு நூறு படி மேலே ஏறினால் வரும் ஓட்டு வீட்டில், 1982ஆம் ஆண்டு மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் இலங்கை, ஒருத்தி இந்தியா. வீட்டுக்காரர் பாலேந்திரன் யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அவர் இலங்கை. ஒன்பது வயது மகள் சுகந்தினி அப்பாவின் கணக்கில் இலங்கை. மிச்சம் இருந்த இந்தியாதான் செசிலியா. அந்த இந்தியாவை அவள் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா சைவம், அம்மா கிறிஸ்தவ வேதம். பிள்ளைகளை இரண்டு சாமிக்கும் சண்டை இல்லாமல் பங்கு வைத்ததில் மூத்தவனுக்குக் கறுப்பையா என்றும் இளையவளுக்குச் செசிலியா என்றும் பெயர் விழுந்தது. இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆளுக்கு இத்தனை தலை என்று தோட்டத்து மக்களைப் பிரித்தபோது, அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டார். மனுவில் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே எழுதினார். அப்போது செசிலியாவுக்குப் பதினாறு வயது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வயதிலேயே நாலு வார்த்தை நறுக்கென்று சொல்லியிருப்பாள்.

கறுப்பையா குடும்பத்தோடு கப்பலேறினான். அப்பா கப்பலேறும் முன்பே கண்ணை மூடினார். செசிலியா பாலேந்திரனைக் கட்டிக்கொண்டு பிலிமத்தலாவையில் தங்கிவிட்டாள். இந்தியப் பாஸ்போட், இலங்கைப் புருஷன். அதனால் வருஷா வருஷம் விசாக் கந்தோரில் போய் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள் என்று முத்திரை வாங்கி வரவேண்டும். சொந்த வீட்டில் படுத்து எழும்புவதற்கு வருஷத்துக்கு ஒருமுறை அனுமதி கேட்கிற பொம்பிளை பிலிமத்தலாவையில் அவள் ஒருத்திதான் இருந்திருப்பாள்.

இதற்காக அவள் குனிந்து நடந்ததாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒசரிச் சட்டை தைப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கண்டிச் சிங்களப் பெண்கள் ஒசரிச் சேலைக்குப் போடும் அந்தச் சட்டையில் சூட்சுமமெல்லாம் தோளில் இருக்கிறது. கைச் சுருக்கு நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், கையைத் தூக்கினால் இழுக்கவும் கூடாது. கடுகண்ணாவை, பேராதனை என்று எங்கெங்கேயோ இருந்து கல்யாணப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தாய்மார் படியேறி வருவார்கள். செசிலியா பெண்ணைத் திருப்பி நிறுத்தி, "மூச்ச விடுங்க நோனா, அடக்கிக்கிட்டு நின்னா கல்யாணத்தன்னைக்குத் தையல் விட்டுரும்" என்று சிங்களத்தில் அதட்டி அளவெடுப்பாள்.

அந்த வருஷம் பதினோராம் தடவை நீடிக்கப் போனபோது, கந்தோரில் கதையை மாற்றிவிட்டார்கள். இனி உள்ளே இருந்தபடி நீடிக்க முடியாது. அக்டோபர் முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியே போய், அங்கிருந்து புதிதாக நுழைவு விசா எடுத்துக்கொண்டு உள்ளே வரவேண்டும். அப்படி வந்தால் இன்னொரு வருஷம் தருவார்கள். விசா கிடைக்காவிட்டால்? அதை அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. அக்கரையில் அவள், இக்கரையில் புருஷனும் பிள்ளையும்.

பாலேந்திரன் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய உறையில் கலியாணப் பதிவு, தன்னுடைய பிரஜைப் பத்திரம், சுகந்தினியின் பிறப்புப் பத்திரம், தன் கையெழுத்தில் ஒரு கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார்.

"இஞ்ச பாரும், செசிலி. ஒண்டு சொல்லுறன், கோவியாதையும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும். மற்ற நேரம் கடுதாசி கதைக்கட்டும். நீர் கதைக்க வேண்டாம்."

"ஏங்க, நான் என்ன ஊமையா? வாய் இருந்தா வங்காளம் போகலாம்னு சொல்லுவாங்க. இந்தா இருக்கிற இந்தியாவுக்குப் போய்ட்டு வர முடியாதா?"

"வங்காளத்துக்குப் போறது சுகம். திரும்பி வாறதுதான் கஸ்டம்" என்றார் பாலேந்திரன். மனுஷன் அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படி ஏதாவது சரியாகச் சொல்லித் தொலைப்பார்.

சுகந்தினியைப் பக்கத்து முஸ்லிம் வீட்டு றம்லத்திடம் ஒப்படைத்தாள். றம்லத்தின் வீடு அவர்களுக்குப் பழக்கமானது. எழுபத்தேழு கலவரத்தில் கும்பல் முன்கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது, குடும்பத்தோடு நாலு நாள் அங்கேதான் ஒளிந்திருந்தார்கள். "புள்ளையப் பத்தி யோசிக்காதீங்க. என்ட புள்ளைகளோட அவளும் இருப்பாள். நீங்க விசாவோட வாங்க" என்றாள் றம்லத்.

தலைமன்னாருக்குப் போகிற கோச்சி ரயிலில் பாதிப் பேர் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறவர்கள். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெட்டியும் பானையுமாக ஏறியிருந்தார்கள். ஒரு நிலையம் விடாமல் ஒப்பாரி. செசிலியாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். அவர்கள் போகிறவர்கள், நான் போய் வருகிறவள், எனக்கு என்ன அழுகை?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தோட்டத்துச் சனங்கள் இந்தியாவை இந்தியா என்று சொல்வதில்லை. 'ஊர்' என்பார்கள். அங்கே பிறக்காதவனுக்கும் அது ஊர்தான். தாத்தா கப்பலேறி வந்த மண்ணை மூன்று தலைமுறை கழித்தும் ஊர் என்றே சொன்னார்கள். 'அண்ணன் ஊருக்குப் போயிருச்சு' என்றால் கறுப்பையா இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். பாலேந்திரனுக்கோ ஊர் என்றால் யாழ்ப்பாணம். அவர் 'ஊருக்குப் போறன்' என்றால் திங்கட்கிழமை பனங்கட்டியோடு திரும்பி வந்துவிடுவார். ஒரே வீட்டில் இப்படி ஒரு சொல் இரண்டு திசையில் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தலைமன்னார் இறங்குதுறையில் பாஸ்போட் பார்த்த அதிகாரி இளம் சிங்களப் பையன். நாள்தோறும் தோட்டத்துச் சனங்களை அனுப்பி அனுப்பி, அவனும் நாலு தமிழ் வார்த்தை பொறுக்கி வைத்திருந்தான். அவன் மேசையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. போய் வருகிறவர்களுக்கு ஒன்று, ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. செசிலியாவின் பாஸ்போட்டைத் திறந்து, அவளை நிமிர்ந்து பார்த்து, அன்பாகத்தான் கேட்டான்:

"ஊருக்கா?"

கையில் உறை இருந்தது. உறைக்குள் கடிதம் இருந்தது. அதைக் காட்டியிருக்கலாம். ஆனால் தமிழில் ஒரு வார்த்தை கேட்ட சந்தோஷத்தில் செசிலியா வாய் நிறையச் சொன்னாள்: "ஆமாங்க ஐயா, ஊருக்குத்தான்!"

அவன் தலையாட்டி, இரண்டாவது முத்திரையை எடுத்துக் குத்தினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

அக்கரையில் இராமேஸ்வரத்தில் இறங்கியதும், அந்தப் பக்கத்து அதிகாரி பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, "உங்க குடும்ப அட்டை எங்கம்மா? மத்தவங்கல்லாம் எங்கே?" என்றார்.

"மத்தவங்க வீட்ல இருக்காங்க. நான் விசா எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருவேன்."

"திரும்பியா? இலங்கையை விட்டு நிரந்தரமா வெளியேறிட்டார்னுல்ல குத்தியிருக்கு. முகாம்ல போய்ப் பதிஞ்சுக்குங்க. எந்த ஊருக்குப் போகணும்னு அவங்க சொல்லுவாங்க."

செசிலியா அந்த ஊதா முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். மை காய்ந்துவிட்டிருந்தது. தலைமன்னாரில் அந்தப் பையன் கேட்டதும் தான் சொன்னதும் அப்போதுதான் முழுசாக விளங்கியது. ஒரு சொல்லில் புருஷனையும் பிள்ளையையும் வீட்டையும் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்திருந்தாள். அவ்வளவு சொல்லியும் கேட்காத தன் வாயை அவள் அன்றைக்குத் திட்டியது போல வேறு யாரும் திட்டியிருக்க மாட்டார்கள்.

அண்ணன் கறுப்பையா அவளைக் கூட்டிப்போக நீலகிரியிலிருந்து வந்து காத்திருந்தான். அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. ஒன்பது வருஷத்தில் தலை நரைத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை மறைக்கவும் தெரியவில்லை.

"நல்லதாப் போச்சு, தங்கச்சி. சாமியே குத்துன முத்திரைன்னு வச்சுக்க. வந்தது வந்துட்ட, இருந்துரு. மச்சானையும் புள்ளையையும் பொறவு கூப்பிட்டுக்கலாம். அங்க என்ன இருக்கு உனக்கு? எழுபத்தேழுல கதவ ஒடைச்சான், போன வருசமும் அடிச்சான். அடி வாங்குறதுக்குன்னே விசா எடுத்துக்கிட்டுப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏண்ணே, உன்னைய இங்க எல்லாரும் எப்புடிக் கூப்புடுறாங்க?"

"சிலோன்காரன்னுதான்."

"ஒம்பது வருசமாவா?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு இங்க வந்து சிலோன்காரியா இருக்கணும்? அதுக்கு சிலோன்லயே இருந்துட்டுப் போறேன். என்னைய மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போ."

அண்ணனுக்குத் தங்கச்சியைத் தெரியும். மறுபேச்சுப் பேசாமல் முகாம் பக்கம் திரும்பாமலே ரயிலுக்கு அழைத்துப் போனான்.

மெட்ராசில் இலங்கை விசா கொடுக்கிற இடத்தில் முன்னால் ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பதற்கு அவனைக் காட்டலாம். உறையை வாங்கவில்லை. பாஸ்போட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தான். "போனவங்க போனவங்கதாம்மா. இது ஒருவழிப் பாதை." முதல் நாளும் இதைச் சொன்னான், இரண்டாம் நாளும் சொன்னான். கறுப்பையா வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் முற்பகலில், உள்ளே இருந்த பெரிய அதிகாரி ஏதோ கடதாசி கேட்டுத் தடுப்புப் பக்கம் வந்தார். ஐம்பது வயதுப் பெண். ஒசரி உடுத்தியிருந்தார். செசிலியாவின் கண் முகத்துக்குப் போகவில்லை, நேரே தோளுக்குப் போனது. இடது கைச் சுருக்கு மூன்றும் ஒரு பக்கமாகச் சரிந்து, கடதாசியை எடுக்கக் கை நீட்டியதும் சட்டை கழுத்து வரை இழுத்துக்கொண்டு வந்தது. பாலேந்திரன் அங்கே இருந்திருந்தால் காலைப் பிடித்துக் கெஞ்சியிருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் என்றவர் அல்லவா? இங்கே யாரும் எதையும் கேட்கவே இல்லை.

"நோனா, சட்டைய மெட்ராஸ்ல தச்சீங்களா?" என்றாள் செசிலியா, சிங்களத்தில்.

குமாஸ்தா திடுக்கிட்டுப் பார்த்தான். அந்த அம்மாவும் திரும்பினார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ஏன்?"

"தோள வெட்டினவனுக்கு ஒசரின்னா என்னன்னு தெரியல. சேலைச் சட்டைக்கு வெட்டுற மாதிரி வெட்டி, மேல சுருக்க ஒட்ட வச்சிருக்கான். நாள் பூரா தோள் வலிக்குமே."

அந்த அம்மா தன்னை அறியாமல் இடது தோளைத் தடவினார். பிறகு செசிலியாவின் நெற்றியிலிருந்து செருப்பு வரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கம கொஹெத?"

சிங்களத்தில் 'கம' என்றால் ஊர். உன் ஊர் எது என்பதுதான் கேள்வி. தலைமன்னாரில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் தமிழில் கேட்டபோது அப்பாவின், தாத்தாவின் வாயால் பதில் சொன்ன செசிலியா, சிங்களத்தில் கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள்:

"பிலிமத்தலாவ."

"பிலிமத்தலாவையில் எங்கே?"

"கொழும்புப் பாதைல இரும்புக்கடையத் தாண்டி மேல ஏறுற படி. நூறு படி. மழை பெய்ஞ்சா நாப்பதாவது படில வழுக்கும், அங்க மட்டும் பாத்து வரணும். டெய்லர் செசிலியான்னா சந்தியிலேயே காட்டுவாங்க."

"நான் கடுகண்ணாவை" என்றார் அந்த அம்மா. அதை ஏன் சொன்னோம் என்று பட்டதோ என்னவோ, உடனே குரலை இறுக்கிக்கொண்டு, "இந்த முத்திரை எப்படி வந்தது?" என்று கேட்டார்.

செசிலியா ஒளிக்காமல் சொன்னாள். ஊர் என்று அவர்கள் எதைச் சொல்வார்கள், அந்தப் பையன் எதைக் கேட்டான், தான் எதைச் சொன்னோம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "ஒரு சொல்லு மாறிப்போச்சு நோனா. என் புள்ளைக்கு ஒம்பது வயசு. என்னைய அனுப்பிருங்க."

அந்த அம்மா உறையைக் கேட்டு வாங்கினார். பாலேந்திரன் அடுக்கிய வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு அவளை உட்காரச் சொன்னார். இலங்கைக் கந்தோர் ஒன்றில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொழும்புக்குத் தந்தி போய்ப் பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் புதிய விசா, ஒரு வருஷத்துக்கு, 1983 நவம்பர் பதினெட்டு வரைக்கும். பழைய முத்திரையின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கையெழுத்து. சட்டையைத் திருத்தித் தரவா என்று செசிலியா கேட்டாள். "வேண்டாம். லீவில் வரும்போது நூறு படியும் ஏறி வருகிறேன்" என்றார் அந்த அம்மா.

கண்டிக் கோச்சி நிலையத்தில் சுகந்தினி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாலேந்திரன் பெட்டியை வாங்கிக்கொண்டு, "கதைச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

"கதைச்சுத்தான் கெட்டேன். கதைச்சுத்தான் வந்தேன்" என்றாள் செசிலியா.

எட்டு மாதம் போனது. 1983 ஜூலை வந்தது. அந்த ஜூலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. பகல் இரண்டு மணிக்குத் தமிழர் வீடு தேடிப் படியேறி வந்தார்கள். றம்லத்தின் வீட்டுப் பின்கதவு வழியாக மூவரும் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஓடு வெடிக்கிற சத்தம் கேட்டது. மெஷின், அலுமாரி, கதிரை, ஒன்றும் மிஞ்சவில்லை. செசிலியா கையோடு கொண்டு ஓடியது இரண்டு. ஒன்று பாஸ்போட். மற்றது, வெட்டிவைத்துத் தைக்காமல் இருந்த ஒரு கல்யாணச் சட்டை. அடுத்தவர்கள் துணியை எரியவிட அவளுக்கு மனம் வரவில்லை.

கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பதினெட்டுக் குடும்பங்களோடு பாயில் இருந்தார்கள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒருவர் பெரிய நோட்டுக் கொப்பியோடு வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். "இந்தியப் பாஸ்போட் இருக்கிறவங்க பேர் குடுங்க. கப்பல் வருது. செலவில்ல, விசா தேவையில்ல."

பாலேந்திரன் செசிலியாவைப் பார்த்தார். அவருடைய கண் உள்ளே போயிருந்தது. "நீர் போம், செசிலி. நீராவது தப்பும். பிள்ளைக்கும் எனக்கும் எப்படியும் ஒரு வழி பாத்துக்கொண்டு நாங்கள் வாறம்."

அப்போதுதான் செசிலியா அழுதாள். வீடு எரிந்தபோது அழாதவள், புருஷன் போ என்று சொன்னதற்கு அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, கையால் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை மடியில் வைத்தாள். பாஸ்போட்டை எடுத்து, பக்கத்தை விரித்து, கொப்பிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதப் படிங்க. நவம்பர் பதினெட்டு."

"அம்மா, இந்த நேரத்துல விசாவ யாரு பாக்குறா? வீடே இல்லைங்கிறீங்க."

"வீடு இல்லாட்டி என்னங்க, விசா இருக்குல்ல? நவம்பர் பதினெட்டு வரைக்கும் நான் இங்க இருக்கலாம்னு கவருமெண்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. வந்தவனுக அதப் படிக்கல, அது அவனுக குத்தம். என் பேர எழுதாதீங்க."

அவர் எழுதவில்லை. அடுத்த வகுப்பறைக்குப் போனார்.

நவம்பரில் விசாக் கந்தோர் வரிசையில் செசிலியா விடியற்காலையே போய் முதல் ஆளாக நின்றாள். இந்தத் தடவை வெளியே போய் வரச் சொல்லவில்லை, விண்ணப்பத்தாளைக் கொடுத்தார்கள். முகவரி என்று இருந்த இடத்தில், எரிந்த வீட்டின் இலக்கத்தை எழுதினாள். அங்கேதான் ஒரு அறைக்குத் தகரம் போட்டு மூன்று பேரும் இருந்தார்கள். வாங்கிப் பார்த்தவன் பட்டியல் ஒன்றைப் புரட்டிவிட்டு, இந்த வீடு எரிந்ததாக இருக்கிறதே, இங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

"நான்தான்" என்றாள் செசிலியா.